மூக்கு நுனியில் ஃபோகஸ்

மனிதர்களின் மூக்கின் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஃபிராங்க்ளின் எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காளிகாட் பூக்காரி, ஏரிக்கரை டீக்கடைக்காரர், ஃபிராங்க்ளினின் சொந்த மனைவி சுலோசனா, எல்லோருக்கும் மூக்கு நுனி துல்லியம், கண் மட்டும் மசமச. அதற்குக் காரணம் நான்தான். ஏன் என்று கேட்டுவிட்டால் நீங்களே நியாயம்தான் என்பீர்கள்.

ஃபிராங்க்ளின் பாளையங்கோட்டைக்காரர். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்று கல்கத்தா பாலிகஞ்சில் இருக்கிறார். நான் வைத்தீஸ்வரன், டாக்குரியாவாசி. இருவரிடமும் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா உண்டு. அதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதில் உருவம் இரட்டையாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். ஆகவே படம் மங்கினால் தப்பு லென்ஸிலா கண்ணிலா என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

அவருடைய அகலக்கோண லென்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்தது. என்னுடையது சாந்தினி சந்தையில் செத்துக் கிடந்த ஃபிலிம் கேமராவிலிருந்து கழற்றியது. பித்தளையில் வளையம் கடையச் சொல்லி, அரத்தால் ராவி ராவிப் பொருத்தினேன். முதலில் படத்தின் ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. வளையத்தின் பின்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகச் சில புள்ளிகள் வைத்தேன். எந்த லென்ஸ் என்று கேமரா கண்டுகொள்வது அந்தப் புள்ளிகளை வைத்துத்தான். அதை ஜெர்மன் லென்ஸ் என்று நம்பி நிறத்தைத் தானே சரிசெய்துகொண்டது. கேமராவை ஏமாற்றுவது பாவக்கணக்கில் சேராது என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லென்ஸை, நாங்கள் படமெடுக்கக் கூடும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனேன். “ரெண்டையும் உங்க கேமராவுலயே மாட்டி ஒப்பிட்டுப் பாத்துடலாம் சார்” என்றேன். ஒப்பிடுவதென்றால் அதுதான் முறை. அவர் என் லென்ஸை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கினார்.

“என்ன வே, காயலாங்கடைச் சாமானையா என் கேமராவுல மாட்டச் சொல்லுதீரு? அதுக்குச் சொறி பிடிச்சுராது?”

கூட இருந்த வங்காளி நண்பர்களுக்கு வங்காள மொழியிலும் எடுத்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபமே வராது. வயிறு மட்டும் கொஞ்சம் எரிந்தது.

அடுத்த வாரமே தன் லென்ஸைத் தூசி எடுக்க என்னிடம் கொடுத்தார். என் லென்ஸ்தான் அவருக்கு ஆகாது, என் கை ஆகும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை வளையமாக வெட்டி உள்ளே வைத்து மூடினேன். தலைமயிர் கனம்கூட இராது. கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் மூக்குக்கு வந்துவிட்டது. நாலு நாள் சிரித்துவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

லென்ஸின் மேல் சந்தேகப்படுவார் என்று நினைத்தேன். என் காயலாங்கடைச் சாமானை ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். மாட்டவில்லை. அதற்கு நான் பொறுப்பா?

“ஜெர்மன்காரன் தப்பு பண்ண மாட்டான் வே. எனக்குத்தான் கண்ணு போச்சு” என்றார்.

அதன்பிறகு ஸ்கூட்டரைத் தொடவில்லை. பஸ் நம்பர்கூட மங்கலாகத் தெரிவதாகப் புலம்பினார். கண் மருத்துவர் சோதித்துவிட்டு, வலது கண்ணில் புரை இப்போதுதான் ஆரம்பம், அவசரமே இல்லை என்றார். ஃபிராங்க்ளின் மூக்குப் படங்களை மேஜைமேல் பரப்பி வைத்து, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். சுலோசனா அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தார்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாவ.”

ஒரு வார்த்தை போதும்தான். அது எனக்கும் தெரியும்.

“கண் விஷயம் சுலோசனா. இதுல நாம குறுக்க நிக்கப்படாது” என்றேன். இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் சொல்வேன்.

ஆபரேஷன் அன்று காலையிலிருந்து மருத்துவமனையில் இருந்தது நான்தான். இளநீர் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அவர் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தபோது, மாற்றுத்துணி எடுத்துவரப் போன சாக்கில் அவர் வீட்டு அலமாரியிலிருந்த லென்ஸைப் பிரித்து வெள்ளித்தாளை எடுத்துவிட்டேன். மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறதே.

கண் ஆறியதும் எடுத்த முதல் படத்தில் சுலோசனாவின் இமைமயிரை எண்ணலாம். ஃபிராங்க்ளின் குழந்தை போல அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் நான் இன்று வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவர் விடவில்லை. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பதும், பிறகு மாற்றிப் பார்ப்பதுமாக, லென்ஸை ஒப்பிடுவது போலத் தன் கண்களையே ஒப்பிட ஆரம்பித்தார்.

“பழைய கண்ணு எல்லாத்தையும் மஞ்சளா காட்டுது வே. புதுசுல நீலம் என்னமா இருக்கு தெரியுமா?”

பிறகு நான் எடுத்த படம் ஒன்றைத் திரையில் திறந்து, புதுக் கண்ணால் மட்டும் பார்த்தார்.

“ஓரத்துல இன்னும் கத்தரிப்பூ நிக்குதே. உமக்குத் தெரியலையாக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு பெரிதாக்கியும் தெரியவில்லை. இப்போது ஏரிக்கரையில் எல்லோரும் நிறத்துக்கு அவரிடம்தான் அபிப்பிராயம் கேட்கிறார்கள்.

இது நியாயமான ஒப்பீடா, நீங்களே சொல்லுங்கள். எனக்கும் ஆபரேஷன் செய்யுங்கள் என்று அதே மருத்துவரிடம் போனேன். அவர் என் கண்களைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படிக் கண் அமைவது பாக்கியம், துளி புரை இல்லை என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார். வேறொரு மருத்துவரை விசாரித்து வைத்திருக்கிறேன். கெஞ்சிக் கேட்டால் மறுக்க மாட்டாராம்.

பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தனக்கு ஒரு கண் போனாலும் எதிராளிக்கு இரண்டும் போகட்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அந்த ரகமே இல்லை. அவருக்கு ஒன்றோடு விட்டுவிட்டேன். என்னுடைய இரண்டையும் கொடுக்கப் போகிறவன் நான்.