எந்தக் கோர்ட்டு?

— கோர்ட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்ம்மா உன் புருஷன். நான் என்ன கதையா கட்டறேன்?

— அப்பா, முதல்ல வாயில இருக்கற குண்டூசியை எடுத்துட்டுப் பேசுங்க. என் போனை எதுக்குத் தொட்டீங்க?

— நூல்கண்டு வாங்கப் போனவ கட்டிங் டேபிள் மேலயே வச்சுட்டுப் போயிட்டே. தொறந்தே கெடந்துச்சு. மாப்பிள்ளை பேரைப் பாத்தா கை சும்மா இருக்குமா? இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிச்சேன். பால்னு ஒண்ணு, கோர்ட்டுன்னு ஒண்ணு. பால் எதுக்குன்னு விளங்கல. கோர்ட்டு விளங்கிடுச்சு.

— குடிக்கற பால் இல்லப்பா. இங்கிலீஷ்ல பால்னா பந்து. 'பந்து உன் கோர்ட்டுல இருக்கு'ன்னு எழுதியிருக்கார். பந்து விளையாடற இடத்துக்கும் கோர்ட்டுன்னுதான் பேரு.

— பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அப்பன் வீட்டுல கெடக்கா, தொரைக்கு விளையாட்டு கேக்குதோ?

— அது ஒரு பேச்சு வழக்கு. நான் அடிச்சாச்சு, இனி நீதான்னு...

— அடிச்சானா? உன்னையா?

— பந்தைப்பா, பந்தை. என்னால ஆனதைச் செஞ்சுட்டேன், இனி முடிவு உன் கையிலன்னு அர்த்தம். தனி வீடு பாத்துட்டார். அவங்க அம்மாகிட்டயும் பேசிட்டார்.

— அதை நேரா 'உன் இஷ்டம்'னு சொல்லித் தொலைக்கறது.

— 'உன் இஷ்டம்'னா கை கழுவுற பேச்சு. இது அப்படியில்ல. அந்தப் பக்கம் ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டே இருக்கார், பந்து திரும்பி வருமான்னு.

— அப்ப நீ ஏன் பதில் போடல?

— நேத்துலேர்ந்து எழுதறேன், அழிக்கறேன். அவர்கூடப் போகணும்னுதான் இருக்கு. நானா எப்படிக் கூப்பிடறது? கௌரவம் தடுக்குதுப்பா. ஏன், உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? என்ன செஞ்சீங்க?

— பெத்தவனுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சும்மா. நீ எழுதற மாதிரியே தமிழ்ல ஒரு பதில் தட்டி விட்டுட்டேன்.

— என்னன்னு?

— 'கோர்ட்டுல பாத்துக்கலாம். தைரியம் இருந்தா வாடா'ன்னு.

— வாடான்னா?

— கோவத்துல வந்துடுச்சு. 'இதோ வந்துட்டே இருக்கேன்'னு உடனே பதில் போட்டான். அதைத் திமிர்னு நினைச்சேன். இப்பத்தான் என் தப்பு விளங்குது. வந்ததும் வாசல்லயே நிறுத்தி, மரியாதை இல்லாம 'டா' போட்டது நான்தான் மாப்பிள்ளைன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுடட்டுமா?

— சொல்லிடாதீங்கப்பா. யாரும் பக்கத்துல இல்லாதப்ப நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.