டயரக்கா போட்ட பெருக்கல் குறி

நம் டிரெய்லர் பயணிகள் சங்கத்தின் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டயரக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் பட்டறையை இன்று ஏற்று நடத்தும் அருமை மகளே, காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் என் சக பயணிகளே! எல்லோருக்கும் வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், இந்தச் சங்கத்தின் துணைத்தலைவன். மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன் என்ற பெயரும் எனக்கு உண்டு.

டயரக்கா போய்விட்டார்! மூன்றே வார நோய். அறுபத்தோரு வயது. போகிற வயதா அது? போன மாதம்கூட வாசலில் என் வண்டியைப் பார்த்து, "என்ன சார், காத்து கம்மியா இருக்கே, நீங்கதான் சாப்டீங்களா?" என்று கேட்ட குரல், இனி எங்கே கேட்கும்?

பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சக்கரப் பட்டறையை அறியாதவர் யார்? நம் கூட்டுப் பயணம் ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள், இதே மண்டபத்து வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அக்கா ஒரு பழைய ரப்பர் விரிப்போடு வருவார். அதைப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். முப்பது வண்டி என்றால் முப்பது தடவை படுத்து எழ வேண்டும். யார் கேட்டார்கள்? சங்கம் கேட்டதா? நாமாகக் கேட்டோமா? ஒருவரும் கேட்கவில்லை. அவராக வந்தார், பதினெட்டு வருஷம் வந்தார்!

நம் தையல் டீச்சர் இங்கே இருக்கிறார். ஒரு பயணத்துக்கு அவர் இரண்டு தையல் மிஷின், ஒரு இரும்புக் கட்டில், எட்டுப் பெட்டி துணி, போதாததற்குத் தண்ணீர்த் தொட்டி நிறையத் தண்ணீர், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். அக்கா அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "டீச்சர், இந்த அச்சு உங்க வீட்டத் தாங்கும். உங்க வாழ்க்கை முழுசையும் தாங்காது. எடை மேடைக்கு விடுங்க" என்றார். எடை போட்டுப் பார்த்தால், அச்சில் பதித்திருந்த அளவைவிட நானூறு கிலோ கூடுதல்! டீச்சர் சிரிக்கிறார், பாருங்கள். சிரியுங்கள் டீச்சர், அவருக்கு அது பிடிக்கும்.

புதுமணத் தம்பதி ஒன்று, கடையிலிருந்து நேராகப் புது வண்டியோடு வந்தது. "புதுசுக்கு எதுக்குக்கா செக்கப்?" என்று அந்தப் பையன் கேட்டான். "புதுசுக்குத்தான் தம்பி வேணும். நட்டு இன்னும் நல்லா உக்காந்திருக்காது. எண்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்து, ஸ்பேனரப் போட்டுத் திரும்ப முறுக்கு. அப்படியே சக்கரத்து நடுவுல, ஹப்புக்குப் பக்கத்துல கையக் கொண்டு போய்ப் பாரு. அனலடிச்சா பேரிங்ல கோளாறு. மேல ஓட்டாத, எனக்குப் போன் போடு." எண்பதாவது கிலோமீட்டரில் அந்தப் பையன் நிறுத்தினான். ஒரு சக்கரத்தில் இரண்டு நட்டு விரலாலேயே சுழன்றது! அந்தத் தம்பதியின் மூத்த பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறது. இதற்கெல்லாம் என்ன கைம்மாறு செய்தோம் நாம்?

என்ன செய்தோம்? மற்றவர்களை விடுங்கள். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அதற்காகத்தான் இங்கே ஏறினேன்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய பயணம் அது. என் வண்டிக்கு ஒரே அச்சு, இரண்டு டயர். சங்கத்துக் கொடி கட்டி முன்னால் போகவேண்டிய வண்டி. அக்கா டயரின் பக்கவாட்டைத் துடைத்து, அங்கே பதிந்திருக்கும் நான்கு இலக்கங்களைப் படித்தார். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம் என்று நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கணக்குப் போட்டார். ஒன்பது வருஷம். ஆறு தாண்டினாலே அவரிடம் பேச்சுக்கு இடமில்லை. கையில் இருந்த சாக்பீஸால் இரண்டு டயரிலும் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். குறி விழுந்த வண்டி கூட்டத்தோடு வரக்கூடாது என்பது நாமே போட்ட விதி.

"பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத டயர் அம்மா இது! தரையில் உரசுகிற பட்டனைப் பாருங்கள், தேயவே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது!" என்றேன்.

"ஓடலன்னுதான் சார் சொல்றேன். கார் டயரு ஓடித் தேயும், டிரெய்லர் டயரு வெயில்ல நின்னே கெட்டுப்போகும். பக்கத்துல பாருங்க, மயிரு மாதிரி வெடிப்பு ஓடுது. நாளைக்கு ஒரு நாள் தங்கி மாத்திட்டு, பின்னாலேயே வந்து சேர்ந்துக்குங்க."

பின்னால் வந்து சேர்வதா? நானா? முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களின் விடைத்தாளில் பெருக்கல் குறி போட்டவன் வண்டியில், ஒரு பட்டறைக்காரம்மா பெருக்கல் குறி போடுவதா? அன்று எனக்குத் தோன்றியது இதுதான். மறைக்க ஒன்றுமில்லை. எல்லோரும் கலைந்ததும் குழாயடியில் கைக்குட்டையை நனைத்தேன். இரண்டு குறியையும் துடைத்தேன். அரை நிமிஷ வேலை.

இன்னும் இருக்கிறது.

மறுநாள் காலை பதினொரு மணி, மலைச்சாலை இறக்கத்தில் ஒரு வளைவு. இடது டயர் வெடித்தது. வண்டி ஒருபக்கம் இழுத்து, காரையும் சேர்த்துப் பள்ளத்தில் தள்ளியது. என் மனைவிக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. வளைந்துபோன அச்சோடு கிடந்த வண்டியைக் கட்டி இழுத்துவர முதலில் வந்தது யார்? டயரக்கா! ஆஸ்பத்திரி நடையில் என்னைப் பார்த்து, "அம்மாவுக்குக் கை சரியாகட்டும் சார். மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அப்புறம் பேசினோமே! பத்து நாள் கழித்து, இதே மண்டபத்தில், விசாரணை என்ற பெயரில் பேசினோம். "டயர்களைப் பார்த்தீர்களா?" என்று அவரைக் கேட்டார்கள். "பாத்தேன். ரெண்டுலயும் குறி போட்டேன்" என்றார். "குறி எங்கே? வெடிக்காத டயரிலும் ஒன்றும் இல்லையே?" என்றார்கள். பிறகு என்னைக் கேட்டார்கள். "சரிபார்த்து, போகலாம் என்றுதான் சொன்னார்" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் பொய் சொல்வாரா? எல்லோரும் என்னை நம்பினீர்கள். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினோம்: "விபத்துக்குக் காரணம், சக்கரங்களைச் சரிபார்த்தவரின் கவனக்குறைவு." ஒரு வருஷம் அவரை இந்த வாசலில் படுக்கவிடவில்லை.

அந்த ஒரு வருஷம் அவருக்கு எப்படிப் போனது? அவர் கணவர் நேற்று சொன்னார். நம் வண்டிகள் கூடும் நாளில் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து பழைய பேரிங்குகளைக் கழுவிக் கழுவி கிரீஸ் வைத்துக்கொண்டிருப்பாராம். "யாருக்கும்மா இதெல்லாம்?" என்று இவர் கேட்டால், "யாருக்கோ" என்பாராம்.

வருஷம் முடிந்து நாமே போய் அழைத்தோம். வந்தார். கையில் சாக்பீஸ் இல்லை, மஞ்சள் பெயின்ட் டப்பாவும் ஒரு சின்னத் தூரிகையும் இருந்தன. அன்றுமுதல் நம் டயர்கள் எல்லாவற்றிலும் மாற்றவேண்டிய மாதத்தையும் வருஷத்தையும் மஞ்சளில் எழுதினார். பார்க்க அழகாக இருக்கிறது என்று நாம் கை தட்டினோம். என் புது டயர்களில் எழுதி முடித்தவர், எனக்கு மட்டும் கேட்கும்படி, "சார், இதத் துடைக்கணும்னா தின்னர் வேணும். கைக்குட்டைக்கு வராது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் எதால் துடைத்தேன் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருக்கிறது!

தெரிந்தும் ஏன் வெளியே சொல்லவில்லை? பெருந்தன்மை என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அவருக்கு வலித்தது, தோழர்களே! இரண்டு வருஷத்துக்கு முன் அவர் செயற்குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். "எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். தலைவர் அன்று ஊரில் இல்லை. கூட்டத்தை நடத்தியவன் நான். "பழைய கதையை எதற்குக் கிளற வேண்டும்?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை. ஆனால் அடுத்த பயணத்துக்கும் வந்து என் வண்டிக்கு அடியில் படுத்தார்!

இன்று காலை என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், "எங்கிட்ட சொல்லி முடிச்சுக்காதீங்க. எங்க பொய் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

தலைவர் அவர்களே, இரங்கல் தீர்மானத்தை நிறைவேற்றும்முன் இன்னொரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். அந்த வரி அடிக்கப்பட வேண்டும். அதன் இடத்தில் எழுதவேண்டியதை நான் சொல்கிறேன்: "சரிபார்த்தவர் இரண்டு டயரிலும் குறி போட்டார். வண்டியின் சொந்தக்காரர் அதை அழித்தார்." என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். துணைத்தலைவர் பதவியை இந்த மேடையிலேயே விட்டுவிடுகிறேன். என்னை மன்னியுங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. மன்னிக்கவேண்டியவர் போய்விட்டார். ஆமோதிப்பவர்கள் கை தூக்குங்கள்.

நன்றி. எல்லோருமே தூக்கியிருக்கிறீர்கள். செயலாளர் அவர்களே, இப்போதே எழுதிவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் சொல்வது சுலபம். நாளை மறுநாள் இருபத்தாறு வண்டிகள் கிளம்புகின்றன. என் வண்டி இந்தத் தடவை போகாது. அக்காவின் மகளே, உங்கள் அம்மா இடத்தில் நீங்கள் படுத்துப் பார்க்கும்போது, பக்கத்தில் விளக்குப் பிடிக்க, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க, குறி விழுந்த வண்டிக்காரர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவரிடம் பதில் சொல்ல, ஒரு ஆள் வேண்டும். நான் வரலாமா?

என்னம்மா? பின்வரிசைக்குக் கேட்கவில்லை, நானே மைக்கில் சொல்கிறேன். "வண்டி ஓடாம, டயரு குளிர்ந்திருக்கும்போதுதான் காத்து பாக்கணும் சார். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்துடுங்க" என்கிறார்.

வருகிறேனம்மா. ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுகிறேன்.

எல்லோரும் எழுந்து நிற்போம்.