உரியாத முட்டைகள்

லோகு: இதுவும் போச்சு. பாருங்க, அம்மை வடு மாதிரி.

அன்பு: குடு பாக்கலாம்... அடக் கெரகமே. தோலோட பாதி முட்டையும் சேந்து வந்துபோட்டுது.

லோகு: ஒன்பது உரிச்சாச்சு. ஒண்ணாச்சும் முழுசா இருக்குதா?

அன்பு: இது இருக்குதே.

லோகு: அது இன்னும் உரிக்காதது.

அன்பு: அதான் முழுசா இருக்குது.

லோகு: லொள்ளு பேசாதீங்க. ஆறு மணிக்கு ஆளுக வந்துபோடுவாங்க. மணி இப்பவே மூணு.

அன்பு: பேசாம எல்லாத்தையும் உதிர்த்து பொடிமாஸ் பண்ணிப் போடலாமா?

லோகு: எம் பையனோட மொதப் பொறந்தநாளுக்குப் பொடிமாஸா? உங்க கம்பெனி ஆளுக, மேல் ஊட்டு டீச்சரு, எதுத்த ஊட்டுக்காரங்க... எல்லாருகிட்டயும் கலர் முட்டை, கலர் முட்டைன்னு ஒரு வாரமாச் சொல்லிட்டு இருக்கறேன்.

அன்பு: அந்தப் புஸ்தகத்துல இதுக்கு என்னமோ பேரு போட்டிருந்துதே. பேய் முட்டையா?

லோகு: டெவில்டு எக்ஸ். மெல்லப் பேசுங்க. உங்கம்மா காதுல பேயின்னு உழுந்துது, பையன மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருவாங்க.

அன்பு: எங்கம்மா கொடுமுடியிலருந்து வந்து எறங்க அஞ்சு மணி ஆகும். மிதுன் என்ன பண்றான்?

லோகு: தூங்கறான். அவன் எந்திரிக்கறதுக்குள்ள முடிச்சாத்தான் உண்டு. எந்திரிச்சான்னா மொத வேலையா இந்த பீட்ரூட்டுத் தண்ணியத்தான் தலைல கவுத்துக்குவான்.

அன்பு: இத்தன கிண்ணம் எதுக்கு?

லோகு: செவப்பு பீட்ரூட்டு. மஞ்சத்தூளு. இது கொத்தமல்லிய அரைச்சு வடிகட்டுன பச்சை. அந்த நீலம் சங்குப்பூ, மேல் ஊட்டு டீச்சரு பறிச்சுக் குடுத்தாங்க. முட்டையப் பாதியா அறுத்து, மஞ்சக்கருவ எடுத்துப் போட்டு, வெள்ளைய இதுல முக்கி வெக்கோணும். மஞ்சக்கருவ வெண்ணெ, கெட்டித் தயிரு, மொளகுத்தூளு போட்டுப் பெசஞ்சு திருப்பி அந்தக் குழில வெக்கோணும். அவ்வளவுதான்.

அன்பு: அவ்வளவுதான்னா, இந்த வடு உழுந்தத முக்குனா என்ன?

லோகு: முக்கித்தான் பாருங்களே.

அன்பு: ...ஐயோ.

லோகு: திருப்பூரு பனியன் மொதத் தொவையல்ல சாயம் போனாப்புல இருக்குதா? வழவழன்னு இருந்தாத்தான் நெறம் ஒரே சீராப் புடிக்கும். இந்தக் கண்றாவியக் கேக்குப் பக்கத்துல வெச்சு போட்டோ புடிக்கச் சொல்றீங்களா? பிலிம் ரோல்ல முப்பத்தாறு போட்டோதான் இருக்குது.

அன்பு: இன்னொண்ணு உரி. பொறுமையா.

லோகு: பொறுமையாத்தான் உரிக்கறேன். தண்ணில உப்புப் போட்டேன். வெந்ததும் பச்சைத்தண்ணில போட்டேன். குழாய்க்கு அடில வெச்சும் உரிச்சுப் பாத்தாச்சு... இதா, பத்தாவதும் போச்சு. ஏனுங்க.

அன்பு: ம்.

லோகு: இது எங்க வாங்குன முட்டை?

அன்பு: பஷீர் பாய் கடைல.

லோகு: எப்பவும் வாங்கற கடைலயா?

அன்பு: வேற எங்க வாங்கறது?

லோகு: கல்யாணம் ஆன ரெண்டு வருசமா பஷீர் அண்ணன் கடை முட்டையத்தான் உரிச்சுட்டு இருக்கறேன். லேசாத் தட்டுனாப் போதும், சட்டை கழட்டறாப்புல வந்துரும்.

அன்பு: வேக்காடு பத்தலையோ என்னமோ...

லோகு: பன்னெண்டு நிமிசம் கொதிச்சுது. இந்த அகலமான பக்கத்தப் பாருங்க.

அன்பு: உருண்டையா இருக்குது.

லோகு: குழி எங்க?

அன்பு: முட்டைல ஏது குழி?

லோகு: நாளாக நாளாக உள்ள காத்துச் சேரும். வேகவெச்சா அந்த எடத்துல ஒரு குழி உழுகும். கடை முட்டைல கட்டைவெரல் வெக்கற அளவுக்கு இருக்கும். இதுல குழியே இல்ல. புது முட்டை. புது முட்டை ஓட்டக் கட்டிப் புடிச்சுட்டு உடவே உடாது.

அன்பு: புதுசுன்னா நல்லதுதான.

லோகு: தின்னறதுக்கு நல்லது. உரிக்கறதுக்கு ஆகாது. இது இன்னைக்குக் காத்தால எடுத்த முட்டை.

அன்பு: அது எப்படி அவ்வளவு...

லோகு: நான் எங்க பொறந்து வளந்தேன்னு மறந்துபோச்சுங்களா? ஆர்.எஸ்.புரத்துல எந்தக் கடைலங்க காத்தால எடுத்த முட்டைய மத்தியானம் விக்கறாங்க?

அன்பு: பஷீர் பாய் புதுசா எங்கியோ ஆர்டர் குடுத்திருக்கறாராட்டம்...

லோகு: பஷீர் அண்ணன் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் பாலக்காடு போயி மூணு நாளாச்சு. கடைல பூட்டுத் தொங்குது.

அன்பு: ...இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?

லோகு: சொல்லியிருந்தா வேற கடை பேரு சொல்லியிருப்பீங்க.

அன்பு: சரி. ஓங்குன கரண்டிய மொதல்ல எறக்கு.

லோகு: காத்தால அஞ்சு மணிக்கு கம்பெனில மோட்டாரு டெஸ்டிங்குன்னு வண்டியக் கெளப்புனீங்க. திரும்பி வந்தப்ப சட்டைல கோழித் தீவன வாசம். எம் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்பு: லோகு...

லோகு: எங்க போனீங்க?

அன்பு: உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே.

லோகு: உங்க வாயால சொல்லுங்க.

அன்பு: பல்லடம். பாலுசாமி கோழிப்பண்ணை. உங்கப்பாகிட்ட... கிண்ணத்தக் கீழ வெய்யி. சேலைல ஊத்துது பாரு.

லோகு: ஊத்தட்டும். அந்தப் பண்ணை முட்டை இந்த ஊட்டுப் படி ஏறாதுன்னு நான் சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா?

அன்பு: இருக்குது. அன்னைக்கு அவுரு சொன்னதும் இருக்குது. 'எங்காட்டுல கூலிக்கு வந்தவன் பையனக் கட்டிக்கறவளுக்கு எம் பண்ணைல ஒரு முட்டைகூட இல்ல'ன்னாரு. 'எனக்கு வேண்டாம்'னு நீ சொன்ன. பக்கத்துல நின்னுட்டுத்தான இருந்தேன்.

லோகு: அதக் கேட்டுப்போட்டு மறுக்கா அந்த வாசல்ல போயி எப்படிங்க நின்னீங்க?

அன்பு: எனக்காக நிக்கல. பையன் பொறந்தநாளுக்கு என்ன பண்ணலாம்னு கேட்டப்ப, பப்ஸு, மிச்சரு எல்லாத்தையும் உட்டுப்போட்டு நீ முட்டைன்ன. உம்மனசு எங்க சுத்துதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

லோகு: அது புஸ்தகத்துல பாத்ததுங்க.

அன்பு: அதே பக்கத்துல கேரட் அல்வாவுந்தான் இருந்துது. திட்டறதுன்னாத் திட்டிப்போடு.

லோகு: என்ன சொன்னாரு?

அன்பு: மொதல்ல நாயி குலைச்சுது. அப்பறம் அவுரு வந்தாரு. எப்படியும் வெரட்டிப் போடுவாருன்னு வண்டிய ஆஃப் பண்ணாமயே நின்னேன்.

லோகு: வாங்கன்னு சொன்னாரா?

அன்பு: சொல்லல. போன்னும் சொல்லல. 'ஏனப்பா, என்ன?'ன்னாரு. பையனுக்குப் பொறந்தநாளு, வேகவெக்க முப்பது முட்டை வேணுங்கன்னேன்.

லோகு: வேகவெக்கன்னு சொன்னீங்களா?

அன்பு: ஆமா. பாதியா அறுத்து கலர் போடறோம்னு வெவரமாச் சொன்னேன். 'லோகுக்குத் தெரிஞ்சாத் தொடமாட்டா, கடைல வாங்குனதுன்னு சொல்லிக்கறனுங்க'ன்னு அதையும் சொன்னேன்.

லோகு: அதுக்கு?

அன்பு: வெராண்டால அட்டை அட்டையா முட்டை அடுக்கியிருந்துது. அதுல ஒண்ணு எடுத்துக் குடுப்பாருன்னு பாத்தா, அதத் தாண்டி ஷெட்டுக்குள்ள போயிட்டாரு. அரை மணி நேரம் ஆளக் காணோம். ஆளக் கூட்டிட்டு வந்து அடிக்கப் போறாரோன்னுகூட நெனச்சேன். பாத்தா ஒரு அட்டையோட வாராரு.

லோகு: வெராண்டால இருந்தது லாரிக்கு ஏத்தற பழைய முட்டை.

அன்பு: இருக்கும்.

லோகு: வேகவெக்கறதுக்குன்னு கேட்டும், அதத் தாண்டிப் போயி, கூண்டுலருந்து புது முட்டையா எடுத்துக் குடுத்திருக்கறாரு.

அன்பு: நல்லதாப் பாத்துக் குடுத்திருக்கறாருன்னுதான் நான் சந்தோசப்பட்டேன்.

லோகு: முப்பது வருசமாப் பண்ணை வெச்சிருக்கறவருக்குப் புது முட்டை உரியாதுன்னு தெரியாதுங்களா? தெரியும். தெரிஞ்சேதான் குடுத்திருக்கறாரு. இன்னைக்கு நாலு பேரு முன்னால எம் பையன் விசேசம் இப்பிடிச் சிரிப்பாச் சிரிக்கட்டும்னு.

அன்பு: அப்படியெல்லாம் இருக்காது.

லோகு: வேற எப்படி இருக்கும்? சொல்லுங்க.

அன்பு: எப்படின்னு தெரியல. ஆனா அவரேதான் அட்டைய வண்டில வெச்சு, மேல இன்னொரு அட்டையக் கவுத்து, சணல் போட்டுக் கட்டுனாரு. மூணு தடவ இழுத்து இழுத்துப் பாத்தாரு. பல்லடத்துலருந்து இந்த டி.வி.எஸ். வண்டில, இந்த ரோட்டுல... ஒண்ணுகூட ஒடையல லோகு. கெடுக்கோணும்னு நெனக்கறவரு அப்படிக் கட்டமாட்டாரு.

லோகு: ...பதினொண்ணாவதும் போச்சு.

அன்பு: அழுகாத.

லோகு: அழுகல. வெங்காயம்.

அன்பு: வெங்காயம் எங்க இருக்குது?

லோகு: கொத்தமல்லி.

அன்பு: கொத்தமல்லிக்கு யாராச்சும்... இரு, பெல் அடிக்குது. மூணரைக்கே யாரு?

லோகு: உங்கம்மா மின்ன பஸ்ஸு புடிச்சிருப்பாங்க. போய்த் தொறங்க. நான் மொகத்தக் கழுவிட்டு வாரேன்.

அன்பு: ...லோகு.

லோகு: வாரேன், வாரேன். தண்ணி குடுங்க அவங்களுக்கு.

அன்பு: லோகு, நீ வா. மொகத்த அப்பறம் கழுவிக்கலாம்.

பாலுசாமி: ஊடு இதுதானுங்களா?

லோகு: ...அப்பா.

பாலுசாமி: உள்ள வரலாமுங்களா அம்மணி?

லோகு: என்னங்கப்பா இப்பிடிக் கேக்கறீங்க. வாங்க. வாங்கப்பா.

பாலுசாமி: உங்கொம்மா கீழ நிக்கறா. புதுச் செருப்பு, எங்க கழட்டி வெக்கறதுன்னு எடம் பாத்துட்டு இருக்கறா. வந்துருவா.

அன்பு: உக்காருங்க மாமா... ஏனுங்க மாமா, நான் அட்ரஸ் குடுக்கவே இல்லீங்களே?

பாலுசாமி: கார்டுல இருந்துதே. பையன் போட்டோ ஒட்டி, எட்டு நாளைக்கு மின்ன தபால்ல வந்துது.

அன்பு: எந்தக் கார்டு? லோகு, எந்தக் கார்டு?

லோகு: நீங்க மட்டுந்தான் சொல்லாமச் செய்வீங்களா?

அன்பு: முட்டை படியேறக் கூடாது. கார்டு மட்டும் படியெறங்கலாமா?

லோகு: சித்த சும்மா இருங்க.

பாலுசாமி: வாங்கன்னு ஒரு வார்த்தை எழுதல அதுல.

லோகு: எழுதுனனுங்கப்பா. அப்பறம் அடிச்சுப்போட்டேன்.

பாலுசாமி: தெரியும். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். அடிச்சதுக்குள்ள இருந்துது... மாப்பள, இந்த அட்டையச் சித்த வாங்கிக்கோங்க. கை கடுக்குது.

அன்பு: மாமா, இப்ப என்ன சொன்னீங்க?

பாலுசாமி: அட்டைய வாங்கிக்கோங்கன்னேன்.

அன்பு: அதுக்கு மின்ன. என்னையக் கூப்பிட்டது.

பாலுசாமி: கை கடுக்குதுன்னு சொன்னது கேக்கலைங்களா?

லோகு: குடுங்கப்பா, நான் வாங்கிக்கறேன். என்னதுங்க இது?

பாலுசாமி: முட்டைதான். பத்து நாளு ஆனது. வேகவெச்சா வழவழன்னு உரியும். நேரமிருக்குதில்ல?

லோகு: இருக்குது... அப்ப உங்களுக்குத் தெரியும். காத்தால குடுத்து உட்டது உரியாதுன்னு தெரியும்.

பாலுசாமி: தெரியும். அந்தத் தட்டுல என்ன? இந்தக் கோழி எந்தச் சாயப்பட்டறைல மேஞ்சுது?

அன்பு: அது நான் முக்குனதுங்க மாமா.

லோகு: பதினொண்ணு வீணாப் போச்சுங்கப்பா.

பாலுசாமி: பதினொண்ணு உரிக்கற வரைக்குமா உனக்குத் தெரியல? பண்ணைல வளந்த புள்ள. ரெண்டாவதுலயே தெரிஞ்சிருக்கோணுமே.

லோகு: ரெண்டாவதுலயே தெரிஞ்சுதுங்கப்பா.

அன்பு: என்னது? அப்பறம் எதுக்கு என்னைய பஷீர் பாய் கதையெல்லாம் சொல்ல உட்ட?

லோகு: நம்பறதுக்குப் பயமா இருந்துது. இது நம்ம பண்ணை முட்டையா இல்லாம வேற எதாச்சுமா இருந்துபோச்சுன்னா... அதான் ஒவ்வொண்ணா உரிச்சுட்டே இருந்தேன்.

பாலுசாமி: செரி, அழுகாத. பையன் எங்க?

லோகு: உள்ள தூங்கறான். எழுப்பறேன். அதுக்கு மின்ன ஒண்ணு மட்டும் சொல்லுங்கப்பா. உரியற முட்டை வெராண்டாலயே இருந்துதாம். அதையே காத்தால குடுத்திருக்கலாமில்லீங்க?

பாலுசாமி: குடுத்திருக்கலாம். நல்லாவும் உரிஞ்சிருக்கும். கடைல வாங்குனதுன்னு மாப்பள சொல்லிக்கறேன்னாரு, நீயும் நம்பி வர்றவங்களுக்கெல்லாம் எடுத்து வெச்சிருப்ப. அப்பன் குடுத்து உட்டான்னு உனக்கு எப்படித் தெரியறது கண்ணு?