ஒன்பதாவதில் நீதான் முதலில்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஞாயிறு பேஸ்பால் லீக்கின் தலைவர் ரஸ்ஸல் டுபே அவர்களே! மேற்குப் பிரிவு அணியின் மேலாளரும், இருபது ஆண்டுகளாக என்னோடு சண்டை போட்டு வருபவருமான எமரி சான்டவல் அவர்களே! முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும், ஹார்லனின் மனைவி நோரீன் அம்மையாரே! ஞாயிறு தோறும் விளையாடிவிட்டுத் திங்கள்கிழமை நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகும் என் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூரை வேலைக்காரர், பிளம் தெரு அணியில் மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர், ஐம்பத்தெட்டு வயது ஹார்லன் விட்டெக் இன்று நம்மிடையே இல்லை. பிப்ரவரி மாதம் ஒரு காலை, பக்கத்து வீட்டுப் படியில் கிடந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் இதயம் நின்றுவிட்டது. அடுத்தவர் வீட்டுப் படி! அவர் வேறு எப்படிப் போவார்?

ஹார்லன் பெரிய ஆட்டக்காரர் இல்லை. செத்தவரைப் பற்றிப் பொய் சொன்னால் அவருக்கே பிடிக்காது. பந்தை அடித்துவிட்டுத் தளத்துக்குத் தளம் ஓடும் அவர் ஓட்டத்தை நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம்! “நீ முதல் தளம் போய்ச் சேர்றதுக்குள்ள நான் காபி குடிச்சிட்டு வந்துடுவேன்டா” என்று ஒருமுறை நான் சொன்னேன். “எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா, வழியில குடிச்சுக்கிறேன்” என்றார்.

ஆண்டு முழுவதும் நாம் விளையாடுவது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் குண்டும் குழியுமான இடத்தில். ஆகஸ்டில் ஒரே ஒரு ஞாயிறு, இரு பிரிவுகளிலும் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்கள் மோதும் நட்சத்திர ஆட்டத்துக்காக, ஊராட்சி நமக்குக் கார்மடி மைதானத்தைத் திறந்து விடுகிறது. நூறு ஆண்டு தாண்டிய அந்த மரக்கூரையின் கீழ், பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் நின்ற அதே மண்ணில், குழாய் ரிப்பேர்காரரும் லாரி ஓட்டுநரும் ஒருநாள் நிற்கலாம். அந்த ஒருநாளுக்காகத்தானே நாம் முழங்காலைத் தேய்க்கிறோம்?

அந்த மண்ணை இருபத்திரண்டு ஆண்டுகள் தயார் செய்தவர் யார்? ஹார்லன் விட்டெக்! சனிக்கிழமை விடியும்போதே மண்ணைச் சமப்படுத்தும் வாரிப்பலகையோடு வந்து நிற்பவர் யார்? ஹார்லன் விட்டெக்! ஒரு வருடம் ஆட்டத்தன்று காலை மழை கொட்டித் தீர்த்தது. ஆட்டம் அவ்வளவுதான் என்று எல்லோரும் பையைக் கட்டிவிட்டோம். ஹார்லன் வீட்டுக்குப் போய், இருந்த குளியல் துண்டு அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தார். மண்டியிட்டு, மட்டையடிக்கும் இடத்தைக் குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் துவட்டினார். ஆட்டம் நடந்தது. நோரீன் அம்மையார் மறுவாரம் முழுக்கத் தலையணை உறையால்தான் தலை துவட்டினார். “அந்த மண்ணு லேசுல போகாது ஃப்ளாய்ட், மூணு தடவ துவைச்சேன்” என்று இன்றைக்கும் என்னைத் திட்டுவார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் அடுத்தவர் விளையாட அவர் கோடு போட்டார். ஒருமுறைகூட அவர் பெயர் பட்டியலில் வரவில்லை. போன ஆகஸ்டில்தான் வந்தது. கிழக்குப் பிரிவு, சட்டை எண் பதினான்கு. சேர்த்தவன் கிழக்குப் பிரிவின் மேலாளரான நான். அந்தப் பெருமையை யாரும் எனக்குத் தர வேண்டாம். மீதியையும் கேளுங்கள்.

நட்சத்திர ஆட்டத்தில் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது மட்டை பிடிக்க வேண்டும். எழுதாத விதி, இதுவரை யாரும் மீறாத விதி. எட்டாவது சுற்றின் பின்பாதி. நாலுக்கு நாலு சமம். இரண்டு பேர் அவுட், எங்கள் ஆள் ஒருவர் இரண்டாம் தளத்தில் நிற்கிறார். மட்டை பிடிக்காமல் மீதி இருந்தவர்கள் இரண்டே பேர்: ஹார்லன், இருபத்தாறு வயது டெவின். ஹார்லன் ஹெல்மெட் மாட்டி, மட்டையோடு, ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளத்திலிருந்து படியேறிவிட்டார். நான் கூப்பிட்டேன்.

“ஹார்லன், இரு. டெவின் போகட்டும். ஒன்பதாவதுல நீதான் முதல்ல.”

“நெஜமாவா?”

“நான் சொல்றேன்ல! உக்காரு.”

உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

டெவின் அடித்தான். பிரமாதமான அடி. ஐந்துக்கு நாலு, நாங்கள் முன்னிலை. அடுத்த தளத்துக்கும் ஓடப் பார்த்து அவன் அவுட்; எட்டாவது சுற்று முடிந்தது. தம்பி டெவின், கடைசி வரிசையில் தலை குனிந்து நிற்காதே. உன் மீது ஒரு குற்றமும் இல்லை.

ஆட்டம் தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். மொத்தம் ஒன்பது சுற்று; மூன்று பேர் அவுட்டானால் ஒரு பாதி முடியும். சொந்த மைதானத்து அணி எப்போதும் பின்பாதியில்தான் மட்டை பிடிக்கும். ஒன்பதாவதின் முன்பாதி முடியும்போது அது முன்னிலையில் இருந்தால், பின்பாதியே கிடையாது. ஆட்டம் அத்தோடு சரி. அன்றைக்குச் சொந்த அணி நாங்கள். ஏழே பந்தில் எமரியின் ஆட்கள் மூன்று பேர் அவுட். வென்றுவிட்டோம்! முதலில் துள்ளிக் குதித்தவன் நான். முதுகில் யாரோ தண்ணீரை ஊற்றினார்கள். சிரித்துக்கொண்டே திரும்பினேன். படியில் ஹார்லன், கையில் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

முப்பது ஆண்டு மேலாளருக்கு இந்த விதி தெரியாதா? பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்பதாவதின் முன்பாதியில் கேட்சராகவாவது அவரை அனுப்பியிருக்கலாமே? அதையும் செய்யவில்லை. ஜெயிக்கும் ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது. யாருமே நினைவில் வைத்துக்கொள்ளாத ஓர் ஆட்டத்தை ஜெயிக்க, என் நண்பனின் ஒரே வாய்ப்பைப் பறித்தேன். இதை இந்த மேடையில் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

அவர் கோபப்பட்டாரா? என்னை ஒரு வார்த்தை திட்டினாரா? திட்டியிருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். மட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வாரிப்பலகையை எடுத்தார். மாலைக்குள் மைதானத்தை ஒப்படைக்க வேண்டுமல்லவா? நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“விடு ஃப்ளாய்ட்,” என்றார். “அடுத்த ஆகஸ்டு எங்க போயிடப் போகுது? காலைத் தூக்கு, கோட்டை மிதிக்கிற.”

ஆகஸ்டு எங்கும் போகவில்லை, நண்பர்களே. அது வரத்தான் போகிறது. அவர்தான் போய்விட்டார்.

இனி இந்த லீக் என்ன செய்யும்? சனிக்கிழமை விடியலில் மண் வாரப் பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கோடு போடும் சுண்ணாம்பை நான் பிடிப்பேன். கோணல் போனால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் லீக்கில், பெயர் கொடுத்த ஆள் வராவிட்டால், அவர் முறை வரும்போதெல்லாம் ஓர் அவுட். வரும் நட்சத்திர ஆட்டத்தில் கிழக்குப் பிரிவின் மட்டை வரிசையில் முதல் பெயர் ஹார்லன் விட்டெக். அம்பயர் அந்தப் பெயரைக் கூப்பிடுவார். யாரும் வரமாட்டார்கள். அவுட். எமரி நேற்று என்னிடம், “அத அவுட்டுனு எழுத வேணாம்ப்பா, தாண்டிப் போயிடலாம்” என்றார். நல்ல மனிதர்! ஆனால் நான் மறுத்துவிட்டேன். ஒருமுறை அவரைத் தாண்டிப் போனது போதும். அதனால் தோற்றால் தோற்கிறோம்.

கடைசியாக ஒன்று. துக்கம் கேட்கப் போனபோது, அந்தப் பதினான்காம் எண் சட்டை நாற்காலியில் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்ததாம். நோரீன் அம்மையார் துவைக்க எடுத்தபோதெல்லாம், “அழுக்கே ஆகலையே, எதுக்குத் துவைக்கிற?” என்று ஹார்லன் வாங்கி வைத்துவிடுவாராம். அதை என் கையில் கொடுத்துவிட்டு அம்மையார் சொன்னார்: “அங்க மண்ணுல போட்டு நல்லாப் பொரட்டி எடுத்துட்டு வா, ஃப்ளாய்ட். நான் துவைக்கணும்.”

அம்மையாரே, ஆகஸ்டில் கொண்டுவருகிறேன்.