பொய்க்கும் காவல் நிற்கும் சட்டம்

அவையை அணி செய்யும் தலைவர், நம் நூலகத்தின் நெடுநாள் காவலர் ஹெல்மி லாக்சோ அம்மையார் அவர்களே! நகக்கண்ணில் இரும்புச் செம்மண் இன்னும் மாறாத சுரங்கத் தொழிற்சங்கப் பெரியோர்களே! மின்னசோட்டா மாநிலத்தின் அக்டோபர் குளிரிலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பேருந்து ஓட்டிப் பிழைக்கும் ரெய்னோ கார்வினனின் பணிவான வணக்கம்.

தடை செய்யப்பட்ட நூல்களைக் கொண்டாடும் வாரம் இது. நானோ கொண்டாட வரவில்லை. மண்ணுக்குள் போன என் தங்கை ஐலிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடச் சமையற்கட்டில் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை அவள் கை. சிறுவயது முதல் இன்சுலின் ஊசியால் உயிர் தரித்தவள். அவள் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. "ஊசியை உதறு! பட்டைக் கஷாயம் போதும்!" என்று அட்டையிலேயே முழங்கிய புத்தகம்! அவள் உதறினாள். ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? ஊசிய நிறுத்தாத தாயி!"

"போண்ணே! நாய்த்தீனி டப்பாவுல பொய் எழுதுனாலே இந்த நாட்டுல அபராதம் போடுறான். இம்புட்டுப் பெரிய புத்தகத்துல பொய் எழுத விட்டுருவானா? யாராச்சும் பாத்துத்தானே விட்டிருப்பான்?"

யார் பார்த்தார்கள், தோழர்களே? அச்சிட்டவன் பார்த்தானா? பதிப்பித்தவன் பார்த்தானா? விற்றவன் பார்த்தானா? ஒருவரும் பார்க்கவில்லை! அந்த வாரமே நினைவிழந்தாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள்.

புத்தகத்தை எழுதியவர்மேல் வழக்குப் போட்டேன். நீதிபதி நல்ல மனுஷி. கண் கலங்கித்தான் தீர்ப்புச் சொன்னார். "இதே வரி மருந்துப் புட்டியில் இருந்தால் தண்டித்திருப்பேன். புத்தகத்தில் இருக்கிறது. பேச்சுரிமை என் கையைக் கட்டியிருக்கிறது" என்றார்.

என்ன, ஐனோ? பின்வரிசையிலிருந்து என்ன சத்தம்?

"அந்தப் புத்தகத்தக் கொளுத்திருவோம் ரெய்னோ! தீப்பெட்டி என்கிட்ட இருக்கு!"

உட்காரப்பா! அந்தக் காலத்துச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது உன் தாத்தா அச்சடித்த துண்டறிக்கையையும் இப்படித்தான் கொளுத்தினார்கள். "சுரங்கத்தில் சாவு மலிந்துவிட்டது" என்று எழுதினார். "பொய்" என்றான் முதலாளி. சிறையில் தள்ளினான் ஷெரிப். எது பொய் என்று சொல்லும் அதிகாரத்தை அரசாங்கத்தின் கையில் கொடுத்தால், அது முதலில் யார் வாயைப் பொத்தும்? முதலாளி வாயையா? உன் வாயை ஐனோ, உன் வாயை!

ஆகவே நெஞ்சு எரிய எரியச் சொல்கிறேன்: நீதிபதியின் கையில் பேச்சுரிமை போட்ட அந்தக் கட்டு அவிழ வேண்டாம். என் தங்கையைத் தின்ற புத்தகம் இந்த நூலகத்திலேயே இருக்கட்டும். இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. ஆயினும் சொல்கிறேன்.

ஆனால் கேளுங்கள் இந்தக் கூத்தை! நேற்று எனக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர் யார்? பேச்சுரிமை பேச்சுரிமை என்று நீதிமன்றத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்ட அதே எழுத்தாளர்! இந்த மேடையில் நான் அவர் பெயரைச் சொல்லி, அவரைப் பொய்யர் என்றால், மான நஷ்ட வழக்குப் போட்டு என் வீட்டையே எடுத்துக்கொள்வாராம்.

என் மனைவி லெம்பி வாசலில் மறித்தாள். "பேரச் சொல்லிராதீங்க. இந்த வயசுல வீடும் போச்சுன்னா பனியில எங்க போயி நிக்கிறது?" என்று அழுதாள். அவள் கேட்டது நியாயம்தான். எனக்கும் பயம்தான்.

பயந்து பயந்து நான் வாயை மூடினால், நாளை இன்னொரு வீட்டில் இன்னொரு தங்கை, "யாராச்சும் பாத்துத்தானே விட்டிருப்பான்" என்று ஊசியை எறிவாளே! அரசாங்கம் சொல்லக் கூடாது என்றால் வேறு யார் சொல்வது? பறிகொடுத்தவன் சொல்ல வேண்டாமா? அந்த எழுத்தாளரின் பொய்க்குக் காவல் நிற்கும் சட்டம் என் மெய்க்குக் காவல் நிற்காதா? நிற்குமா நிற்காதா என்று இன்றே பார்த்துவிடுவோம்!

அவர் பெயர் கிராண்ட் விக்கர்ஷாம். அவர் பொய்யர். அந்தப் பொய்தான் என் ஐலியைக் கொன்றது.

லெம்பி, என்னை மன்னித்துவிடு. செவி கொடுத்த அவைக்கு நன்றி. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிவையுங்கள். வணக்கம்.