நல்ல காலில் கட்டு

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போகும் காலைப் பேருந்தில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் கல்லூரி ஜெர்சி போட்ட இருவர்.

“வலிக்கிறது எடது முட்டி. கட்டு வலது முட்டியிலடா.”

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

“ஏன் மாப்ள?”

“கட்டுப் போட்ட காலத்தான் எதிர் டீம்காரன் தேடி மிதிப்பான். நல்ல கால மிதிச்சுட்டுப் போகட்டும்.”

“இன்னைக்கு செலக்‌ஷன்ல மாஸ்டர் ஓட விடுவாருல்ல?”

“ஓடிருவேன்.”

“அப்பறம் போன வருசம் மாதிரி ரெண்டு மாசம் படுத்துக்குவ.”

கட்டுப் போட்டவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னலில் ஒரு கண்மாய் மெதுவாகக் கடந்துபோனது.

“விடியக்காலம் ஒரு கனவுடா. கிரவுண்டு பூராத் தண்ணி. அதுமேல ஓடுறேன். வலியே இல்ல.”

“கனவுல கட்டு எந்தக் காலுல?”

“கட்டே இல்லடா.”

எனக்கு இரண்டு முட்டியும் வலிக்கும்; கனவில்கூட உட்கார்ந்துதான் இருப்பேன்.

பேருந்து நிலையம் வந்தது. அவன் எழவில்லை. குனிந்து வலது முட்டிக் கட்டை அவிழ்த்து, இடது முட்டியில் சுற்றத் தொடங்கினான்.

“மாஸ்டர்ட்ட என்ன சொல்லுவ?”

“வலிக்கிற கால் இதுதான்னு.”

“டீம்ல சேத்துக்க மாட்டாருடா.”

“தெரியும். அந்த நுனியக் கொஞ்சம் புடி.”