வேன் பேசுவதை நிறுத்தாதீங்க

“எல்லாத்தையும் மாத்துங்க நானா. வேன் பேசுறத மட்டும் நிப்பாட்டிறாதீங்க.”

பலாங்கொடையிலிருந்து றக்வானைக்குப் போகும் பஸ். முன் சீட்டில் இருவர். ஒருவர் மடியில் லெப்டொப் வைத்திருந்த மெக்கானிக் நானா. மற்றவர், தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் தன் வேனைப் பார்க்க அவரைக் கூட்டிப் போகிறவர்.

“கதவு தானா லொக் ஆகுறது, பெல்ட்டுக்குக் கத்துறது, எல்லாம் லெப்டொப்ல மாத்திருவேன். உள்ள படுக்கை போட்டு டூரிஸ்ட்காரங்களுக்கு வாடகைக்கு விடப் போற வேன், அதுலயே தூங்குவாங்க. ஸ்டார்ட் பண்ணினதும் ஒரு பொம்புளக் குரல் ஜப்பான் பாஷையில பேசினா பயந்துருவாங்களே அண்ணே.”

“நாங்களும் பயந்தோம். ஏதோ கோளாறுன்னு மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தினோம். மகதான் கேட்டுட்டுச் சிரிச்சா. ஜப்பான்ல ஓடின வேன்தானே, அங்க ஹைவேக்குக் காசு கட்டுற கார்ட் போடலன்னு சொல்லுதாம்.”

“மகளுக்கு அந்தப் பாஷை தெரியுமா?”

“அங்க வயசானவங்களப் பாத்துக்கிற வேலைக்குப் போகப் படிக்கிறா. அடுத்த மாசம் பரீட்சை. தெனம் காலையில வேனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவா. அது பேசும். கார்ட் இல்லங்க, மன்னிச்சிருங்கன்னு இவ ஜப்பான் பாஷையில பதில் சொல்லுவா. தோட்டத்து லயத்துல அந்தப் பாஷையில அவளோட பேசிப் பழக வேற யாரு இருக்கா?”

மெக்கானிக் சிரித்தார். “சரி, அவ ஜப்பானுக்குப் போன பொறகு வந்து நிப்பாட்டுறேன்.”

“வேணாம் நானா. இப்ப அவ அம்மாவும் பதில் சொல்றா.”